தோற்றவருக்கு வேலை, ஜெயித்தவருக்குக் காத்திருப்பு

செமஸ்டர் தேர்வு நடந்துகொண்டிருக்கிறது. நாளைக் காலை இருப்பதிலேயே கடினமான பேப்பர். இன்று மாலை கேம்பஸ் இன்டர்வியூ. இன்டர்வியூவுக்கு வந்த கம்பெனிக்காரர் சொல்கிறார்: "நீங்கள் எல்லா பேப்பரையும் நன்றாக எழுதினால் உங்கள் ஆஃபர் லெட்டர் ஒரு மாதம் தள்ளிப்போகும். அதற்குள் வேறு யாராவது கிடைத்தால் அவரை எடுத்துக்கொள்வோம். நாளைக்கே கோட்டை விட்டால் மறுநாளே வேலை!"

கேட்கவே அபத்தமாக இருக்கிறது அல்லவா? ஆனால் அமெரிக்காவின் மிகப் பெரிய விளையாட்டு அமைப்பான என்.எஃப்.எல்.-லில் ஒவ்வொரு ஜனவரியிலும் கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது. தேர்வு எழுதுபவர்கள் அங்கே மாணவர்கள் இல்லை, உதவிப் பயிற்சியாளர்கள். தேர்வின் பெயர் பிளே-ஆஃப்.

முதலில் கொஞ்சம் அறிமுகம்

இங்கே பேசப்படுவது காலால் உதைத்து ஆடும் கால்பந்து அல்ல. ஹெல்மெட்டும் தோள் கவசமும் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்களே, அந்த அமெரிக்க ஃபுட்பால். என்.எஃப்.எல்.-லில் மொத்தம் 32 அணிகள். ஒவ்வொரு அணிக்கும் ஒரே ஒரு தலைமைப் பயிற்சியாளர். அவருக்குக் கீழே பெரிய பட்டாளமே உண்டு. தாக்கி ஆடும் 'ஆஃபென்ஸ்' பிரிவுக்கு ஒரு கோ-ஆர்டினேட்டர், தடுத்து ஆடும் 'டிஃபென்ஸ்' பிரிவுக்கு ஒரு கோ-ஆர்டினேட்டர், அவர்களுக்குக் கீழே ஒவ்வொரு இடத்து வீரர்களுக்கும் தனித்தனிப் பயிற்சியாளர்கள்.

இந்தப் பட்டாளத்தில் இருக்கும் பெரும்பாலோருக்கும் ஒரே கனவுதான்: என்றாவது ஒரு நாள் அந்த 32 நாற்காலிகளில் ஒன்றில் உட்கார வேண்டும்.

ஜனவரி தொடக்கத்தில் லீக் ஆட்டங்கள் முடிகின்றன. நன்றாக ஆடிய அணிகள் பிளே-ஆஃப் சுற்றுக்குப் போகின்றன (2020 சீசனிலிருந்து 14 அணிகள்). மோசமாக ஆடிய அணிகளின் முதலாளிகள் மறுநாளே பயிற்சியாளரின் சீட்டைக் கிழிக்கத் தொடங்குகிறார்கள். அந்த நாளுக்கு 'கறுப்புத் திங்கள்' என்றே பெயர். ஆக, ஒரு பக்கம் நாற்காலிகள் காலியாகின்றன. அவற்றில் உட்காரத் தகுதியானவர்களில் பலரோ ஜெயித்த அணிகளில் இருக்கிறார்கள். ஜெயித்த அணிக்கு இன்னும் ஆட்டம் பாக்கி இருக்கிறது.

சிக்கல் இங்கேதான் ஆரம்பம்.

பழைய காலத்துக் கதைகள்

உதவியாளராக இருந்து பெரிய ஆளானவர்களின் பட்டியலில் முதலில் வருபவர் வின்ஸ் லொம்பார்டி. 1950-களில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் ஜிம் லீ ஹோவெல் தலைமைப் பயிற்சியாளர். ஆஃபென்ஸைக் கவனித்தவர் லொம்பார்டி, டிஃபென்ஸைக் கவனித்தவர் டாம் லேண்ட்ரி. இப்படி ஒரு ஜோடி ஒரே அணியில் உதவியாளர்களாக இருந்ததை இன்று நினைத்தாலும் ஆச்சரியம்தான். 1958 டிசம்பர் 28-ல் நடந்த இறுதி ஆட்டத்தில் ஜயன்ட்ஸ் கூடுதல் நேரத்தில் பால்டிமோர் கோல்ட்ஸ் அணியிடம் 23-17 என்று தோற்றது. அடுத்த சில வாரங்களில், 1959 தொடக்கத்தில், லொம்பார்டியை கிரீன் பே பேக்கர்ஸ் அணி தலைமைப் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டது. அப்போது அவருக்கு வயது 45. அந்த அணி முந்தைய சீசனில் ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம்! அதே அணியை வைத்துக்கொண்டு அவர் 5 சாம்பியன் பட்டங்கள் வாங்கினார். இன்று சூப்பர் பவுல் ஜெயிக்கும் அணிக்குக் கொடுக்கும் கோப்பைக்கு அவர் பெயர்தான். லேண்ட்ரியோ 1960-ல் புதிதாகத் தொடங்கிய டல்லாஸ் கௌபாய்ஸ் அணிக்குப் போய் 29 சீசன்கள் அங்கேயே இருந்தார்.

அப்போது இறுதி ஆட்டம் டிசம்பர் கடைசியிலேயே முடிந்துவிடும். ஆடி முடித்த பிறகு வேலை பேசினால் போதும். சீசன் நீண்டு, பிளே-ஆஃப் சுற்றுகள் கூடி, சூப்பர் பவுல் பிப்ரவரிக்குத் தள்ளிப்போன பிறகுதான் இந்தக் கால நெருக்கடி பெரிதானது.

இன்னொரு கதை, கொஞ்சம் கசப்பானது. பில் வால்ஷ் 1968 முதல் 1975 வரை சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியில் உதவியாளர். அணியை உருவாக்கியவரும் தலைமைப் பயிற்சியாளரும் பால் பிரௌன். 1976 ஜனவரி 1 அன்று பிரௌன் பயிற்சியாளர் பதவியிலிருந்து விலகினார். நாற்காலி தனக்குத்தான் என்று வால்ஷ் எதிர்பார்த்தார். கிடைத்ததோ பில் ஜான்சன் என்ற இன்னொரு உதவியாளருக்கு. தனக்கு வேறு அணிகளில் வேலை கிடைக்காதபடி பிரௌன் தடுத்தார் என்று வால்ஷ் பின்னாளில் குற்றம்சாட்டினார்.

வால்ஷ் அங்கிருந்து சான் டியேகோ, பிறகு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் என்று சுற்றி, 1979-ல் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 3 சூப்பர் பவுல் ஜெயித்தார். அதில் இரண்டு (1982, 1989 ஜனவரி) எந்த அணிக்கு எதிராக என்று நினைக்கிறீர்கள்? அதே பெங்கால்ஸ்!

வேலை தேடும் ஒருவரின் எதிர்காலம் அவருடைய இப்போதைய முதலாளியின் வாய்ச்சொல்லில் தொங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கதை ஓர் உதாரணம். விதிகள் ஏன் தேவை என்பதற்கும் இதுவே பதில்.

கதவு எப்போது திறக்கும்?

விதி போடும்போது மூன்று பேரின் நலனைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இப்போதைய அணி: 'நாங்கள் சம்பளம் கொடுக்கிறோம், கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது எங்கள் ஆளை இழுக்காதே.' தேடும் அணி: 'எங்களுக்கு அவசரம்.' உதவிப் பயிற்சியாளர்: 'என் வாழ்நாள் வாய்ப்பு, தடுக்காதே.'

இதற்கு என்.எஃப்.எல். கண்டுபிடித்த சமரசம்தான் 'ஜன்னல்'. பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்த ஏற்பாடு இது. முதல் சுற்றில் ஆட வேண்டிய அவசியம் இல்லாமல் ஓய்வு வாரம் பெற்ற அணியின் உதவியாளர், அந்த வாரத்தில் இன்டர்வியூ கொடுக்கலாம். முதல் சுற்றில் ஆடி ஜெயித்த அணியின் உதவியாளருக்கு அதற்கு அடுத்த வாரம். அதன் பிறகு கதவு சாத்தப்படும். அணி சூப்பர் பவுலுக்குப் போனால், அந்த ஆட்டத்துக்கு முன் கிடைக்கும் இடைவெளியில், ஏற்கெனவே பேசிய அணியுடன் இரண்டாவது முறை பேசலாம். ஆனால் அவருடைய அணியின் சீசன் முடியும்வரை எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடக் கூடாது.

காகிதத்தில் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தேடும் அணிக்குக் காத்திருக்க மனம் வர வேண்டுமே! புதிய தலைமைப் பயிற்சியாளர் தனியாக வருவதில்லை. தனக்கென்று ஒரு பெரிய உதவியாளர் குழுவைச் சேர்க்க வேண்டும். நல்ல உதவியாளர்களை மற்ற அணிகள் அள்ளிக்கொண்டு போய்விடும். மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்த வீரர்களை வாங்கும் சந்தை, ஏப்ரலில் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட். ஒவ்வொரு நாள் தாமதமும் முதலாளிக்கு நஷ்டமாகத் தெரிகிறது. பந்திக்கு முந்துகிறவர்கள்தான் அதிகம்.

ஒரே நாற்காலி, மூன்று பேர்

இதைப் புரிந்துகொள்ள கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணியைப் பார்த்தால் போதும். தலைமைப் பயிற்சியாளர் ஆண்டி ரீட். அவருக்குக் கீழே ஆஃபென்ஸ் கோ-ஆர்டினேட்டர் என்ற நாற்காலி. அதில் அடுத்தடுத்து உட்கார்ந்த மூன்று பேரின் கதை இது.

முதலாமவர் டக் பீடர்சன். 2016 ஜனவரி 16-ல் சீஃப்ஸ் பிளே-ஆஃப் இரண்டாம் சுற்றில் தோற்றது. இரண்டே நாளில், ஜனவரி 18-ல், பீடர்சன் பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளர்.

இரண்டாமவர் மாட் நாகி. 2018 ஜனவரி 6-ல் டென்னிசி டைட்டன்ஸ் அணிக்கு எதிரான முதல் சுற்று ஆட்டம். பாதி ஆட்டத்தில் சீஃப்ஸ் 21-3 என்று முன்னிலை. கடைசியில் 22-21 என்று பரிதாபத் தோல்வி. ஆஃபென்ஸ் ஆட்டங்களைத் தேர்ந்தெடுத்தவர் நாகிதான். இரண்டே நாளில், ஜனவரி 8-ல், சிகாகோ பேர்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளர்!

மூன்றாமவர் எரிக் பியெனிமி. 2018 முதல் 2022 வரை ஐந்து சீசன்கள் அந்த நாற்காலியில் இருந்தார். அந்தக் காலத்தில் சீஃப்ஸ் மூன்று முறை சூப்பர் பவுலுக்குப் போனது, இரண்டு முறை (2020, 2023) ஜெயித்தது. முந்தைய இருவரைவிடப் பெரிய சாதனை. ஒரு டஜனுக்கும் மேற்பட்ட அணிகள் அவரை இன்டர்வியூ செய்தன. ஒரு அணிகூட தலைமைப் பொறுப்பைக் கொடுக்கவில்லை. இலவு காத்த கிளி கதைதான்.

2020 ஜனவரியைப் பாருங்கள். காலியாக இருந்தவை 5 நாற்காலிகள். மூன்று அணிகள் பியெனிமியுடன் பேசின. சீஃப்ஸ் ஜெயித்துக்கொண்டே போனது. அரையிறுதிக்குச் சமமான ஆட்டம் ஜனவரி 19-ல். அதற்குள் ஐந்து நாற்காலிகளும் நிரம்பிவிட்டன. கடைசி நாற்காலி கிளீவ்லேண்ட் பிரௌன்ஸ் அணியுடையது. அதைப் பிடித்தவர் மினசோட்டா வைக்கிங்ஸ் அணியின் கோ-ஆர்டினேட்டர் கெவின் ஸ்டெஃபான்ஸ்கி. அவருடைய அணி ஜனவரி 11-ல் தோற்று வெளியேறியிருந்தது.

தோற்றவர் மறுநாளே கை குலுக்கலாம். ஜெயித்தவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டே நாற்காலி போவதையும் பார்க்க வேண்டும்.

நேரம் மட்டும்தான் காரணமா?

இல்லை என்று சொல்வதற்கும் ஆதாரம் இருக்கிறது. உண்மையிலேயே ஒருவர்தான் வேண்டும் என்று முடிவு செய்த அணிகள் காத்திருந்திருக்கின்றன. 2015-ல் அட்லாண்டா ஃபால்கன்ஸ், சியாட்டில் அணியின் டான் குவினுக்காகச் சூப்பர் பவுல் முடியும்வரை காத்திருந்தது. 2017-ல் ஃபார்ட்டிநைனர்ஸ், கைல் ஷானஹானுக்காகக் காத்திருந்தது. 2019-ல் பெங்கால்ஸ், சாக் டெய்லருக்காக. 2025-ல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ், கெல்லன் மூருக்காக.

அப்படியானால் பியெனிமிக்காக ஏன் ஒருவரும் காத்திருக்கவில்லை? ஆட்டங்களைத் தேர்ந்தெடுப்பது ரீட்தான், பியெனிமி அல்ல என்று ஒரு காரணம் சொல்லப்பட்டது. ஆனால் ரீட்டிடம் வேலை பார்த்த பீடர்சனுக்கு அது தடையாகவில்லையே என்று எதிர்க்கேள்வி வந்தது. பியெனிமி கறுப்பினத்தவர். இந்த இடத்தில் வேறொரு வரலாற்றையும் பார்த்தாக வேண்டும்.

என்.எஃப்.எல். வீரர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கறுப்பினத்தவர். 1921-ல் ஃபிரிட்ஸ் போலார்டு அக்ரான் அணியின் பயிற்சியாளர் பொறுப்பைப் பகிர்ந்துகொண்டார். அதற்குப் பிறகு அடுத்த கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஆர்ட் ஷெல் வந்தது 1989-ல்தான். இடையில் 68 ஆண்டுகள்! 2002 ஜனவரியில் டென்னிஸ் கிரீன், டோனி டங்கி என்ற இரண்டு வெற்றிகரமான கறுப்பினப் பயிற்சியாளர்கள் அடுத்தடுத்து நீக்கப்பட்டார்கள். வழக்கறிஞர்கள் ஜானி காக்ரனும் சைரஸ் மேரியும் அந்த ஆண்டே ஓர் அறிக்கை வெளியிட்டு, வழக்குப் போடுவோம் என்று எச்சரித்தார்கள். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் முதலாளி டான் ரூனி தலைமையில் குழு அமைந்தது. 2003-ல் 'ரூனி விதி' நடைமுறைக்கு வந்தது. தலைமைப் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும் முன் சிறுபான்மை இனத்தவர் ஒருவரையாவது இன்டர்வியூ செய்தாக வேண்டும் என்று அந்த விதி அப்போது சொன்னது.

விதி வந்த உடனேயே அவசரம் அதை மோதியது. ஸ்டீவ் மரியூச்சியைத்தான் எடுப்பது என்று டெட்ராய்ட் லயன்ஸ் முன்பே முடிவு செய்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒப்புக்கு இன்டர்வியூவுக்குப் போக மற்றவர்கள் மறுத்தார்கள். அணியின் தலைவர் மாட் மில்லனுக்கு 2003-ல் 2 லட்சம் டாலர் அபராதம்!

விதியால் பலன் இல்லாமல் இல்லை. 2007-ல் ஸ்டீலர்ஸ் அணியே 34 வயது மைக் டாம்லினைத் தேர்ந்தெடுத்தது. இரண்டே ஆண்டில் அவர் சூப்பர் பவுல் ஜெயித்தார். ஆனால் ஒப்புக்கு நடக்கும் இன்டர்வியூ என்ற குறை தீரவில்லை. 2022-ல் பிரையன் ஃபுளோரஸ் வழக்குத் தொடர்ந்தார். நியூயார்க் ஜயன்ட்ஸ் தன்னை இன்டர்வியூ செய்வதற்கு மூன்று நாள் முன்பே, வேலை இன்னொரு பிரையனுக்கு (பிரையன் டேபோல்) போய்விட்டது என்பது, பில் பெலிசிக் ஆள் மாறி அனுப்பிய வாழ்த்துச் செய்தியால் தெரிந்தது என்பது அவர் புகார். அணி அதை மறுத்தது.

அவசரத்தில் ஆள் எடுப்பவர் தனக்குத் தெரிந்த முகத்தைத்தான் எடுப்பார். தெரியாத முகத்துக்குத் தேவைப்படுவது நேரம். அந்த நேரத்தைத்தான் இந்த ஜனவரிச் சந்தை கொடுப்பதில்லை.

கையெழுத்து இல்லாத வாக்கு

காத்திருந்தாலும் ஆபத்து உண்டு. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியின் ஜாஷ் மெக்டேனியல்ஸ், இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணிக்கு வருவதாக வாக்குக் கொடுத்தார். விதிப்படி கையெழுத்துப் போட முடியாது. கோல்ட்ஸ் பொறுமையாகக் காத்திருந்தது. 2018 பிப்ரவரி 4-ல் சூப்பர் பவுலில் பேட்ரியாட்ஸ் தோற்றது. 6-ம் தேதி, அவர்தான் புதிய பயிற்சியாளர் என்று கோல்ட்ஸ் அறிவித்தது. அன்று மாலையே அவர் மனம் மாறி, வரவில்லை என்று சொல்லிவிட்டார்! அவரை நம்பி மூன்று உதவியாளர்கள் கோல்ட்ஸில் ஏற்கெனவே ஒப்பந்தம் செய்திருந்தார்கள். அணி அந்த ஒப்பந்தங்களை மதித்தது.

வேடிக்கை என்னவென்றால், கோல்ட்ஸ் பிறகு எடுத்தது ஃபிராங்க் ரைக்கை. மெக்டேனியல்ஸின் அணியைச் சூப்பர் பவுலில் தோற்கடித்த ஈகிள்ஸின் ஆஃபென்ஸ் கோ-ஆர்டினேட்டர். அந்த ஈகிள்ஸின் தலைமைப் பயிற்சியாளர்? தோற்ற இரண்டாம் நாளே வேலைக்குப் போன அதே டக் பீடர்சன்!

கவனம் சிதறுகிறதா?

2017 சூப்பர் பவுலில் அட்லாண்டா 28-3 என்று முன்னிலையில் இருந்து, 34-28 என்று கூடுதல் நேரத்தில் தோற்றது. ஆட்டங்களைத் தேர்ந்தெடுத்த ஷானஹான் மறுநாள் வேறு அணியின் தலைமைப் பயிற்சியாளர். 2025 ஜனவரியில் டெட்ராய்ட் லயன்ஸ் 15 வெற்றி, 2 தோல்வி என்று கம்பீரமாக நின்றது. ஓய்வு வாரத்தில் அதன் இரண்டு கோ-ஆர்டினேட்டர்களும், பென் ஜான்சனும் ஏரன் கிளென்னும், பல அணிகளுடன் வீடியோவில் இன்டர்வியூ கொடுத்தார்கள். அடுத்த ஆட்டத்தில், ஜனவரி 18-ல், வாஷிங்டன் கமாண்டர்ஸிடம் 45-31 என்று தோல்வி. சில நாட்களிலேயே ஜான்சன் சிகாகோவிலும் கிளென் நியூயார்க் ஜெட்ஸிலும் தலைமைப் பயிற்சியாளர்கள்.

இன்டர்வியூதான் தோல்விக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. டெட்ராய்டின் டிஃபென்ஸில் காயம் பட்டவர்கள் ஏராளம். அன்று பந்தை ஐந்து முறை எதிரணியிடம் பறிகொடுத்தார்கள். ஆனால் ரசிகர் மனதில் சந்தேகம் விழுந்துவிட்டால் போகாது. உழைத்தவரின் நேர்மைக்கே களங்கம். அந்தக் களங்கத்தை அவர் மேல் சுமத்துவது அவர் செய்த தவறு அல்ல, காலண்டர்.

என்ன செய்யலாம்?

என்.எஃப்.எல். சும்மா இருக்கவில்லை. 2020-ல், சிறுபான்மை இனப் பயிற்சியாளரை உருவாக்கி இன்னொரு அணிக்குத் தலைமைப் பொறுப்பில் அனுப்பும் அணிக்கு, மூன்றாம் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகள் இரண்டு கூடுதலாகக் கிடைக்கும் என்று முடிவானது. 2023 அக்டோபரில் இன்னொரு மாற்றம்: வேறு அணியில் வேலையில் இருப்பவரை நேரில் இன்டர்வியூ செய்வது பிளே-ஆஃப் இரண்டாம் சுற்று முடிந்த பிறகுதான், அதுவரை வீடியோவில் மட்டும் பேசலாம். ஓட்டத்தைக் கொஞ்சம் மெதுவாக்கும் முயற்சி.

சூப்பர் பவுல் முடியும்வரை யாரும் யாரையும் எடுக்கக் கூடாது என்ற யோசனையும் பேசப்பட்டு வந்திருக்கிறது. எல்லோரும் சேர்ந்து காத்திருந்தால் ஒருவருக்கும் நஷ்டம் இல்லை. ஒருவர் மட்டும் காத்திருந்தால்தான் நஷ்டம். காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது பழகிய கணக்கு. சந்தையில் தனியாக ஒழுங்காக நடப்பவன் ஏமாளி ஆகிறான். அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக ஒரு விதி வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 2023-ல் இரண்டாவது சூப்பர் பவுல் ஜெயித்த சில நாட்களில் பியெனிமி சீஃப்ஸை விட்டு வாஷிங்டனுக்குப் போனார். தலைமைப் பயிற்சியாளராக அல்ல, மறுபடியும் கோ-ஆர்டினேட்டராக.

ஒருவேளை 2019-லோ 2020-லோ சீஃப்ஸ் முதல் சுற்றிலேயே தோற்றிருந்தால்? பதில் யாருக்கும் தெரியாது. ஆனால், ஒரு பயிற்சியாளரைப் பற்றி இப்படி ஒரு கேள்வியைக் கேட்க முடிகிறது என்பதே அந்த ஏற்பாட்டில் ஏதோ கோணல் இருக்கிறது என்பதற்குச் சாட்சி.